பசி யாரைப் பார்த்துக் கத்துகிறது?

அன்புள்ள ஐயா,

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருக்கிறேன். செத்தல் மிளகாய், வெங்காயம், கிழங்கு, பருப்பு வியாபாரம். வீடு கொட்டாஞ்சேனை. வயது ஐம்பத்திரண்டு. எனக்குக் கீழே ஏழு பெடியன்கள் வேலை செய்கிறார்கள். அநேகமாக ஹற்றன், தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள்.

என் பிரச்சினை இதுதான். பகல் பன்னிரண்டரை தாண்டினால் என் வாய் என் சொல் கேட்பதில்லை. எங்கள் கடையில் மத்தியானச் சாப்பாடு இரண்டு மணிக்கு. அது முதலாளி வைத்த நேரம். "வயிறு நிறைஞ்சா பெடியன்களுக்கு நித்திரைதான் வரும், பசி இருந்தாத்தான் கை ஓடும்" என்பார். போன மாதம் ஒரு பெடியன் மிளகாய்ச் சாக்கு ஒன்றின் நிறையைப் பிழையாக எழுதிவிட்டான். அரைக் கிலோ வித்தியாசம். பில் புத்தகத்தைத் தூக்கி அவன் முகத்தில் எறிந்துவிட்டேன். அப்போது நேரம் ஒன்று பத்து. இரண்டு மணிக்குச் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவனைப் பார்க்கிறேன், அந்தக் கோபம் இருந்த இடமே தெரியவில்லை.

ஆனால் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கிறேன். பகலில் தண்ணீர், இளநீர். இரவு பாலும் பழமும். அந்த ஆறு நாளும் யாரையும் ஒரு சொல் கடிந்து பேசுவதில்லை. வெள்ளிக்கிழமைகளிலும் அப்படித்தான். "அண்ணே, இன்னைக்கு விரதமா?" என்று காலையிலேயே கேட்டுவிட்டு, ஆமென்றால் பெடியன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

பசிதான் கோபத்துக்குக் காரணம் என்றால், விரத நாளில் அது எங்கே போகிறது? பசியில் இருக்கும் நீதிபதிகள் கூடுதலாகத் தண்டனை கொடுப்பார்கள் என்று வட்ஸ்அப்பில் ஒன்று வந்ததே, அது உண்மையா? முதலாளி சொல்வதில் ஏதும் நியாயம் உண்டா? உளவியல் பற்றி நீங்கள் எழுதுவதால் கேட்கிறேன்.

பி.கு.: எனக்குச் சீனி வருத்தம் உண்டு. காலையில் குளிசை போடுகிறேன். விரத நாட்களில் போடுவதில்லை.

ச., கொட்டாஞ்சேனை

---

அன்புள்ள ச.,

பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். கடிதத்தில் முதல் வரியாக வந்திருக்க வேண்டியது அது.

சீனிக்குத் தரும் குளிசைகள் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்கு இரத்தச் சீனி மிஞ்சிக் குறைவது அரிது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்றவை வேறு ரகம். அவை கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று அவை விசாரிப்பதில்லை. காலையில் அதைப் போட்டுவிட்டு இரண்டு மணிவரை சோறில்லாமல் இருந்தால், மத்தியானத்தை அண்டி சீனி இறங்க இடமுண்டு. அப்போது கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், எரிச்சல் வரும். ஆம், எரிச்சல் மருத்துவர்களே எழுதிவைத்த அறிகுறி. விரத நாளில் நீங்கள் குளிசையை விடுகிறீர்கள், அன்று கோபம் வருவதில்லை. முருகன் அருளுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை, ஆனால் இந்த முடிச்சை ஒரு டொக்டர்தான் அவிழ்க்க வேண்டும்.

எந்தக் குளிசை என்று பெட்டியைப் பாருங்கள். வீட்டில் சீனி பார்க்கும் மெஷின் இருந்தால் கடைக்குக் கொண்டுபோய், வாய் கிளம்பும் நேரத்தில் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே (mg/dL அளவில்) காட்டினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும், பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். அன்றைக்கே டொக்டரிடம் போங்கள். விரதத்துக்காகக் குளிசையை நீங்களாகவே நிறுத்துவதும் கூடாது. நோன்பு பிடிக்கும் உங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் பலர் நோன்புக்கு முன்பே டொக்டரிடம் போய் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்வார்கள். அதையே நீங்களும் செய்யலாம்.

சரி, இது குளிசை போடுகிறவரின் கதை. கோட்டையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி நெரிபட்டு வெள்ளவத்தையில் இறங்கி, சப்பாத்தைக் கழற்றுமுன்னே பிள்ளைகளை ஏசுகிற எத்தனையோ பேர் எந்தக் குளிசையும் போடுவதில்லை. ஆரோக்கியமான உடம்பில் ஒரு நேரச் சாப்பாடு தவறினால் சீனி ஆபத்தான அளவுக்கு விழுவதில்லை. ஈரல் சேமித்து வைத்ததை அவிழ்த்துவிடும். ஆகவே உங்கள் முதல் கேள்வி எல்லோருக்கும் பொதுவான கேள்வியாக அப்படியே நிற்கிறது.

பசி என்பது என்ன என்று கண்டுபிடிக்கப் போனவர்கள் முதலில் வயிற்றைத்தான் சந்தேகப்பட்டார்கள். 1912இல் ஹார்வர்டில் வோல்டர் கனனின் மாணவர் வோஷ்பர்ன் என்பவர் ஒரு றப்பர் பலூனை விழுங்கினார். குழாய் வாய்வழியே வெளியே வந்து ஒரு பதிவுக் கருவியோடு இணைந்திருந்தது. பலூனை ஊதிவிட்டு, பசி கிள்ளும்போதெல்லாம் ஒரு பொத்தானை அமத்தச் சொன்னார்கள். வயிறு சுருங்கும் நேரமும் பொத்தான் அமத்தும் நேரமும் பொருந்தி வந்தன. அத்தோடு விஷயம் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். பிற்பாடு, நோயால் வயிற்றையே வெட்டி எடுத்துவிட்டவர்களுக்கும் பசி வருகிறது என்று தெரிந்தபோது கதை சிக்கலாகியது.

இன்று நமக்குத் தெரிந்ததில் உங்களுக்குப் பயன்படக்கூடியது கிரெலின் என்ற ஹோர்மோன். 1999இல் ஜப்பானியக் குழு ஒன்று கண்டுபிடித்தது. பெரும்பாலும் வயிற்றில் சுரந்து மூளைக்குப் போய்ப் பசியைக் கிளப்புவது. சாப்பாட்டுக்குச் சற்று முன் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். வயிறு காலியானதால்தான் ஏறுகிறது என்று யாரும் நினைப்போம். 2005இல் வெளியான ஓர் ஆய்வில் சிலரை 33 மணித்தியாலம் சாப்பாடில்லாமல் வைத்து இரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். வழக்கமாகச் சாப்பிடும் நேரங்களில் கிரெலின் ஏறியது. ஒன்றும் சாப்பிடாமலே, கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கியது. அடுத்த சாப்பாட்டு நேரத்துக்கு மறுபடி ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள்? பன்னிரண்டரைக்கு வருவது பெரும்பாலும் பழக்கத்தின் பசி. முதலாளி கடையின் நேரத்தை மாற்றினார், உங்கள் உடம்பு அவருடைய நேரசூசிக்குக் கையெழுத்துப் போடவில்லை.

வயிறு நிறைவதும் இப்படி ஒரு விசித்திரமான விவகாரம்தான். 1998இல் பென்சில்வேனியாவில் போல் றொசின் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் மூளைப் பாதிப்பால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாத இரண்டு பேருக்கு மத்தியானச் சாப்பாடு கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்தார்கள். பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள், "சாப்பாட்டு நேரம்" என்று இன்னொரு தட்டை வைத்தார்கள். அதையும் சாப்பிட்டார்கள். மூன்றாவது தட்டையும் வைத்தபோது அதிலும் கை வைத்தார்கள். நினைவு சரியாக உள்ளவர்கள் இரண்டாவது தட்டைக் கண்டதுமே வேண்டாம் என்றார்கள். வயிறு அவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான் நிறைந்திருந்தது. "நான் சாப்பிட்டுவிட்டேன்" என்ற நினைவும் சேர்ந்துதான் நமக்குப் போதும் என்று சொல்கிறது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பசி ஒரு தெளிவான செய்தியாக நமக்கு வந்து சேர்வதில்லை. ஒரு அரிப்பு, ஒரு அவதி, உடம்புக்குள் ஏதோ சரியில்லை என்கிற உணர்வு. அதற்கு என்ன காரணம் என்பதை மனம்தான் சுற்றுமுற்றும் பார்த்து முடிவுசெய்கிறது. வெகு விரைவாகவும், அநேகமாக நமக்குத் தெரியாமலும்.

இதைச் சோதித்துப் பார்த்த ஒரு ஆய்வு வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஜெனிஃபர் மக்கோர்மக், கிறிஸ்ரென் லிண்ட்குவிஸ்ட் இருவரும் செய்தது, 2019இல் அச்சானது. இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்களில் சிலரைச் சாப்பிட்டு வரச் சொன்னார்கள், சிலரைப் பட்டினியாக வரச் சொன்னார்கள். ஒரு பகுதியினரை முதலில் உணர்ச்சிகளைப் பற்றி ஒரு சிறு எழுத்து வேலை செய்ய வைத்தார்கள். பிறகு எல்லோருக்கும் கணினியில் ஒரு அலுப்பான வேலை. முடியப்போகும் நேரத்தில் கணினி வேண்டுமென்றே நின்றுபோகும். ஆய்வாளர் உள்ளே வந்து, நீதான் பிழையாக எதையோ அமத்திவிட்டாய் என்று குற்றம் சொல்வார். அந்த நேரத்தில் யாருக்கு அதிகம் ஆத்திரம் வந்தது, யார் அந்த ஆய்வாளரைக் கடுமையானவர் என்று எழுதினார்கள் என்று பார்த்தால், பட்டினியாக இருந்து, உணர்ச்சியைப் பற்றி யோசிக்காமல் வந்தவர்கள். அதே பட்டினியோடு, தன் உள்ளே என்ன நடக்கிறது என்று சற்று யோசித்துவிட்டு வந்தவர்களிடம் அந்தக் கூடுதல் ஆத்திரம் இல்லை.

அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், பசித்தவர்கள், பசிக்காதவர்கள் எல்லோருக்கும் ஒரு படத்தைக் காட்டி, அதன் பின் அர்த்தம் தெரியாத ஒரு சீன எழுத்தைக் காட்டி, இது நல்லதாகத் தெரிகிறதா கெட்டதாகத் தெரிகிறதா என்று கேட்டார்கள். முதலில் காட்டியது கசப்பான படமாக இருந்தபோதுதான் பசித்தவர்கள் அந்த எழுத்தையும் கெட்டது என்றார்கள். நல்ல படம், சாதாரணப் படம் பார்த்தபோது பசி ஒரு வித்தியாசமும் செய்யவில்லை. பசிக்கு ஒரு கொளுக்கி வேண்டியிருந்தது, தொங்குவதற்கு. உங்கள் கடையில் அந்த அரைக் கிலோ.

ஆய்வுகூடத்துக்கு வெளியேயும் பார்த்திருக்கிறார்கள். 2022இல் வந்த ஒரு ஆய்வில் ஐரோப்பாவில் 64 பேர் 21 நாள், தினம் ஐந்து தடவை, தங்கள் பசியையும் மனநிலையையும் கைத்தொலைபேசியில் பதிந்தார்கள். பசி கூடிய வேளைகளில் எரிச்சலும் கோபமும் கூடின, சந்தோசம் குறைந்தது. ஆகவே நீங்கள் சொல்வது கற்பனை இல்லை. பசிக்கும் கோபத்துக்கும் உறவு உண்டு.

ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கவனிக்காத ஒன்றை நான் கவனித்தேன். அந்தப் பெடியனும் அதே ஒன்று பத்துக்கு அதே பசியோடுதான் நின்றான். காலையிலிருந்து சாக்கு இறக்கியவன், உங்களை விட அவனுக்குத்தான் வயிறு காய்ந்திருக்கும். அவன் உங்கள் முகத்தில் எதையும் எறியவில்லை. ஒன்று பத்துக்கு முதலாளி வந்து ஒரு கணக்கைக் கேட்டால் நீங்களும் "இந்தாங்க ஐயா" என்று எடுத்துக் கொடுத்திருப்பீர்கள். பசியால் வாய் கட்டுப்படுவதில்லை என்கிறீர்கள், அந்த வாய்க்கு யார் மேலே, யார் கீழே என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது. பசிக்கோபம் என்று நாம் சொல்வது படியிறங்கித்தான் போகும். முதலாளியிடமிருந்து கணக்குப்பிள்ளைக்கு, கணக்குப்பிள்ளையிடமிருந்து பெடியனுக்கு, பெடியனிடமிருந்து சாக்குத் தூக்கும் நாட்டாமிக்கு. வீட்டில் என்றால் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு. பசி சூட்டைத்தான் கொடுக்கிறது. அது யார் தலையில் கொட்டும் என்பதைப் பசி தீர்மானிப்பதில்லை. அதனால் "பசியில் செய்துவிட்டேன்" என்பதில் பாதியைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடிகிறது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு உதாரணத்தை இந்த ஊரிலேயே பார்த்தோம். 2022இல் கொழும்பில் பொருள்களின் விலை எப்படி ஏறியது என்று மொத்தக் கடையில் இருந்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். காஸ் சிலிண்டரோடு வரிசையில் நின்ற சனம் முன்னால் நின்றவரோடு சண்டை பிடித்தது. விலையோடு யாரும் சண்டை பிடிக்க முடியாது, முன்னால் நிற்பவரோடுதான் முடியும். ஆனால் ஏப்ரலிலிருந்தே அதே சனத்தில் ஒரு பகுதி காலிமுகத்திடல் போராட்டத்துக்குப் போய் நின்றது. ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தது. பசி மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், பெற்றோல் இல்லை, நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களும் இருந்தன. இருந்தாலும், எங்கள் அவதிக்குக் காரணம் பக்கத்தில் நிற்கும் இவன் இல்லை என்று நிறையப் பேருக்கு ஒரே நேரத்தில் தோன்றியபோது கோபத்தின் விலாசம் மாறியது. அரசியல் சரியா பிழையா என்பது வேறு பேச்சு.

இப்போது விரதத்துக்கு வருவோம். குளிசையை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், விரத நாளில் இருக்கும் பெரிய வித்தியாசம், உங்கள் அவதிக்குக் காரணம் காலையிலேயே தெரிந்திருக்கிறது. வயிறு கிள்ளும்போது "இது சஷ்டி" என்று உள்ளே ஒரு குரல் சொல்லிவிடுகிறது. காரணம் தேடி மனம் பெடியனின் முகத்துக்குப் போக வேண்டியதில்லை. இரவு பாலும் பழமும் உண்டு என்பதும், சூரன்போர் முடிந்து மறுநாள் பாறணை என்பதும் நிச்சயம். அது நீங்களே தேர்ந்தது. அப்புறம் ஒன்று, கடை முழுக்க உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "விரதமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கும் ஏழு பேர் முன்னால் வாயைத் திறக்க யாருக்கும் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கும்.

இதை வைத்து விரதம் எல்லோரையும் சாந்தமாக்கும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மொரோக்கோவில் கசபிளாங்காவில் நோன்பு மாதத்தில் ஆண்களிடம் நடத்திய ஒரு ஆய்வில், நாள் போகப் போக எரிச்சல் கூடியதாகத்தான் கண்டார்கள். சிகரெட் பிடிப்பவர்களிடம் அது இன்னும் அதிகம். நம்முடைய பிளேன்ரீ ஆட்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நாமே தேர்ந்த பசிக்கும் ஒரு எல்லை உண்டு. இரண்டாம் உலகப் போர் முடியும் காலத்தில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் ஒரு சோதனை செய்தார். ஐரோப்பாவில் பட்டினியில் கிடக்கும் சனத்துக்கு எப்படித் திரும்பச் சாப்பாடு கொடுப்பது என்று அறிவதற்காக. 36 இளைஞர்கள், எல்லோரும் மனச்சாட்சியின்படி போருக்குப் போக மறுத்தவர்கள், தாங்களாக முன்வந்தவர்கள். ஏன் பட்டினி, எப்போது முடியும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். விரதக்காரரின் எல்லாத் தகுதியும் அவர்களுக்கு இருந்தது. 24 வாரம் கிழங்கும் கறுப்புப் பாணும் மக்கறோனியுமாக அரைவயிற்றுச் சாப்பாடு. நிறையில் கிட்டத்தட்டக் கால்வாசி போய்விட்டது.

நல்ல குணமான அந்த மனிதர்கள் சிடுசிடுத்தார்கள். பேச்சுக் குறைந்தது. சாப்பாட்டைத் தவிர வேறு எதிலும் கவனம் நிற்கவில்லை. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தார்கள். தட்டை நக்கினார்கள். கோடை வெயிலில் குளிர்கிறது என்றார்கள். பெண்கள் மீதான நாட்டம் போயிற்று. சோதனை முடிந்து வயிறு நிறையச் சாப்பாடு கிடைத்த பிறகும் சிலருக்குப் பசி அடங்க மாதக்கணக்கானது. "இது இன்ன காரணத்துக்காக" என்று மனம் தனக்குச் சொல்லிக்கொள்வது ஒரு நாளைக்கு, ஆறு நாளைக்கு உதவும். உடம்பு கரையத் தொடங்கினால் அந்தச் சொல் செல்லாது.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்று சும்மா சொல்லிக்கொண்டு திரிகிறோம். ஔவையாரின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். மானம், கல்வி, அறிவு எல்லாம் உண்டு. கடைசியில் காதல் ஆசையும் உண்டு. மினசோட்டாவில் கண்டது அதேதான். அந்தப் பட்டியலில் தாளாண்மையும் இருக்கிறது, அதாவது விடாமல் உழைக்கும் குணம். பசி வந்தால் பறந்து போகிற பத்தில் ஒன்று உழைப்பு. உங்கள் முதலாளிக்குப் பதில் அங்கேயே இருக்கிறது.

இருந்தாலும் அவரை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அவர் சொல்வதை 1943இல் கிளார்க் ஹல் என்ற பெரிய அமெரிக்க உளவியலாளர் கிட்டத்தட்டக் கோட்பாடாகவே எழுதினார். பசி, தாகம் போன்ற குறைகள் உயிரினத்துக்குள் ஒரு பொதுவான உந்துதலைக் கிளப்புகின்றன, அந்த உந்துதல்தான் எல்லா நடத்தையையும் ஓட்டுகிறது என்றார். ஆய்வுகூட எலிகளைப் பட்டினி போட்டுப் புதிர்ப்பாதையில் விட்டால் வேகமாக ஓடின. பார்த்தீர்களா, பசியில் கை ஓடுகிறது!

ஆனால் அந்த எலிக்குப் பாதையின் முடிவில் சாப்பாடு இருந்தது. வேகமாக ஓடினால் வேகமாகச் சாப்பிடலாம். உங்கள் பெடியன் பத்துச் சாக்கு இறக்கினாலும் சோறு இரண்டு மணிக்கு, இருபது சாக்கு இறக்கினாலும் இரண்டு மணிக்கு. அவனுடைய பசிக்கும் அந்தச் சாக்குக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பிற்கால ஆய்வுகள், முக்கியமாக மிச்சிகனில் கென்ற் பெரிட்ஜ் செய்தவை, பசி எல்லாவற்றையும் பொதுவாக முடுக்கிவிடும் எஞ்சின் இல்லை என்று காட்டியிருக்கின்றன. அது சாப்பாட்டின் மீதும் சாப்பாட்டை நினைவூட்டும் எதன் மீதும் ஈர்ப்பைக் கூட்டுகிறது. மூளையில் டொபமைன் என்ற இரசாயனம் அந்த ஈர்ப்புக்கு முக்கியம். டொபமைனை ஏறத்தாழ முற்றாக அழித்த எலிகள் சாப்பாடு முன்னால் இருந்தும் தேடிப் போகவில்லை, ஆனால் வாயில் இனிப்பு விட்டால் முன்போலவே ரசித்து நக்கின. விரும்பிப் போவது வேறு, ருசிப்பது வேறு. ஒரு மணிக்கு உங்கள் கடையில் அந்த ஈர்ப்பு எங்கே போகும்? சாப்பாட்டுக் கடைப் பக்கமிருந்து வரும் பருப்புக்கறி மணத்துக்கும், பார்சல் பையோடு தெருவில் போகிறவனுக்கும்தான். தராசைப் பார்க்க வேண்டிய கண் தெருவைப் பார்க்கும். அந்த அரைக் கிலோ அப்படிப் பிழையாகியிருக்கவும் கூடும்.

வயிறு நிறைந்தால் நித்திரை வரும் என்பதில் மட்டும் அவர் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கட்டிச் சோறு சாப்பிட்டால் கண் சொருகும். ஆனால் பிற்பகலில் ஒரு தூக்கக்கலக்கம் சாப்பிடாவிட்டாலும் வரும், உடம்பின் நாளாந்த ஓட்டத்தில் அது ஒரு பகுதி. இரண்டு மணிக்குச் சாப்பிட வைத்தால் அந்தக் கலக்கமும் கட்டிச் சோறும் ஒரே நேரத்தில் வந்து சேரும். அவர் பயப்படும் அதே நித்திரையை அவரே வரவழைக்கிறார்.

நீதிபதிகள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆய்வு உண்மைதான், இஸ்ரேலில் செய்தது, 2011இல் வெளியானது. கைதிகளை முன்கூட்டியே விடுவிக்கும் விண்ணப்பங்களில், அமர்வு தொடங்கும்போது 65 வீதமளவில் இருந்த சாதகமான தீர்ப்பு, அடுத்த இடைவேளை நெருங்கும்போது பூச்சியத்தை நெருங்கியது, சாப்பிட்டு வந்தபின் மறுபடி ஏறியது. உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் வழக்குகள் குலுக்கல் முறையில் வரவில்லை. சட்டத்தரணி இல்லாத கைதிகளின் வழக்குகள் அமர்வின் கடைசியில் வந்தன, அவர்களுக்கு வெற்றி வாய்ப்பு எப்படியும் குறைவு. எளிதில் முடியும் வழக்கையா, நீளும் வழக்கையா இடைவேளைக்கு முன் எடுப்பது என்ற தெரிவும் எண்களை வளைக்கும் என்று பிறகு காட்டினார்கள். ஒரு பார்சல் சோற்றில் நீதி தலைகீழாகும் என்று நம்ப எனக்கு அந்த ஆய்வு போதாது. அடுத்தமுறை வட்ஸ்அப்பில் வந்தால் அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள்.

கடையில் என்ன செய்யலாம்? பதினொரு மணிக்கு ஏழு பேருக்கும் ஆளுக்கொரு பணிஸ், ஒரு பிளேன்ரீ. பெரிய செலவில்லை. சாப்பாட்டை இரண்டு பிரிவாக, பன்னிரண்டரைக்கு நான்கு பேர், ஒரு மணிக்கு மூன்று பேர் என்று வைத்தால் கடையை மூடவும் வேண்டாம். நீங்கள் முதல் பிரிவில் போங்கள், குளிசைக்காக. அதற்கிடையில் சூடு ஏறுவது தெரிந்தால் "எனக்குப் பசிக்குது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், பெடியன்கள் முன்னால்தான். அந்த மாணவர்கள் எழுதிப் பார்த்ததற்குப் பதிலாக இது. விரத நாளில் "விரதமா?" என்று அவர்கள் கேட்டு நீங்கள் ஆம் என்று சொல்வதும் கிட்டத்தட்ட இந்த வேலையைத்தான் செய்கிறது. நிறை எழுதுவதைச் சரிபார்க்கும் வேலையைக் காலையில் வையுங்கள், ஒரு மணிக்கு வேண்டாம். பில் புத்தகம் எறிபட்ட பெடியனிடம் நீங்கள் ஏதும் சொன்னீர்களா என்று கடிதத்தில் இல்லை. சொல்லியிருந்தால் நல்லது. சொல்லாவிட்டால், பசியைச் சாட்டாமல் சொல்லுங்கள்.

முதலாளியிடம் இந்த நேர மாற்றத்தைக் கேட்கத்தான் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். காலை பத்து மணிக்குக் கேளுங்கள். ஒரு மணிக்குப் போய் நிற்க வேண்டாம், அவரும் சாப்பிட்டிருக்க மாட்டார்.